பங்களாவின் கடைசி அறை

கன்னையாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை அவரே சொல்லிக்கொள்வார், கேட்காதவர்களையும் பிடித்து வைத்துச் சொல்வார். ரயில்வேயில் புது என்ஜின் வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். ஒரு தடவை அந்தப் பழங்களில் இரண்டை நசுங்குவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய், சிக்னல் கேபினில் சீனி போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டார். அந்த என்ஜின் இன்றுவரை தடம் புரளவில்லை என்பதை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஊருக்கு ஞாபகப்படுத்துவார். மனைவி இராஜம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் கூடவே போவார். ஆனால் வாசலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதோடு சரி.

அப்பேர்ப்பட்ட மனிதர், 1995-இல் ஒரு திங்கட்கிழமை பிற்பகல், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சிநேகிதர் வீட்டுக் கணினிக்கு முன்னால், ஒரு பட்டனை அழுத்த முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தச் சங்கதியைத்தான் சொல்ல வருகிறேன்.

சிநேகிதரின் பெயர் சாத்தப்பன். இருவருக்கும் ஒரே வயது, ஐம்பத்து நான்கு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கன்னையாவின் அப்பா தண்டவாளத்தில் சம்மட்டி அடித்தவர். சாத்தப்பனின் அப்பா கிள்ளானில் செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். கன்னையா ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டர் ஆனார், சாத்தப்பன் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனார். நாற்பத்தெட்டு வருஷத்தில் இரண்டே தடவைதான் பேச்சு நின்றிருக்கிறது, அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

சாத்தப்பன் வீட்டுக் கணினி மகளுடையது. அவள் படிக்க ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அதை விட்டுவிட்டுப் போனாள். அதன்மேல் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். சாத்தப்பன் ஒரு நாள் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலைக்காரரைப் பார்க்கப் போனவர், திரும்பும் வழியில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நின்று, ஒரு கடையில் குவித்துப் போட்டிருந்த கள்ளப் பதிவுக் கணினித் தட்டுகளில் ஒன்றை வாங்கி வந்தார். தட்டின் மேல் மார்க்கர் பேனாவில் ‘அட்வென்சர் 7’ என்று மட்டும் எழுதியிருந்தது. விளையாட்டின் உண்மையான பெயர் என்ன என்பது கடைசிவரை இருவருக்கும் தெரியாது. அதற்கென்று அச்சிட்ட புத்தகம் எதுவும் கூட வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. இவர்கள் அதற்குப் ‘பங்களா’ என்று பேர் வைத்தார்கள்.

கதை இதுதான். காணாமல் போன தம்பியைத் தேடி ஒருவன் ஒரு தீவுக்குப் போகிறான். அங்கே ஆளில்லாத பெரிய பங்களா. அதன் ஒவ்வொரு பகுதியையும் கடந்து கடைசிக் கதவைத் திறந்தால் தம்பி என்ன ஆனான் என்று தெரியும். ஆரம்பத்தில் அது பெயரைக் கேட்டது. வீடு தன்னுடையது என்பதால் சாத்தப்பன் தன் பெயரையே அடித்தார். அதற்கப்புறம் அந்தப் பங்களாவில் தவறாக ஒரு காரியம் செய்தால் போதும், திரை கறுத்து, பாசி பிடித்த ஒரு கல்லறை வந்து நிற்கும். அதில் ஆங்கிலத்தில் ‘சாத்தப்பன் இங்கே உறங்குகிறான்’ என்று எழுதியிருக்கும்.

முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சாத்தப்பனின் மனைவி நாச்சம்மை சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல விளையாட்டு கிடைத்தது உங்களுக்கு என்று சொல்லிப் போய்விட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் என்றால் பங்களா என்று ஆகிவிட்டது. முதலில் நிலவறை. உள்ளே இறங்கியதும் தண்ணீர் ஏற ஆரம்பிக்கும். எட்டு எடுத்து வைக்க வைக்க முழங்கால், இடுப்பு, கழுத்து. மொத்தம் இருபது எட்டுதான் வைக்கலாம். அதற்குள் வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்காவிட்டால் கல்லறைதான். சுவரெல்லாம் ஒரே மாதிரிக் கல். திரும்பினால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதே மறந்துபோகும். கன்னையா ரயில்வே கிராஃப் தாளில் ஒவ்வொரு எட்டையும் கோடு போட்டு, முட்டுச்சந்துக்குச் சிவப்பு, வழிக்குப் பச்சை என்று சிக்னல் படம் மாதிரியே வரைந்தார். முப்பத்தேழு தடவை மூழ்கிய பிறகு வழி கிடைத்தது.

அடுத்தது ஆஸ்பத்திரி. வெள்ளை ஓடு பதித்த நீண்ட நடை, இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். பேய் கிடையாது, ரத்தம் கிடையாது, சத்தம்கூடக் கிடையாது. நடந்து போய்த் திரும்பிப் பார்த்தால் ஒரு கட்டில் கொஞ்சம் நகர்ந்து நடுவில் வந்திருக்கும். இன்னும் நாலு எட்டு வைத்துத் திரும்பினால் அது இடுப்புக்கு நேராக நிற்கும். கன்னையாவுக்கு வியர்த்த இடம் அதுதான், அதை அவரே ஒப்புக்கொண்டார். கட்டில்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும் என்று கண்டுபிடித்தவர் சாத்தப்பன். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் விற்றவன் யாருக்கும் முதுகு காட்ட மாட்டான் என்று பெருமை அடித்துக்கொண்டார்.

மணிக்கூண்டில் படிகள் உதிர்ந்து விழுந்தன. எந்த மணியை அடித்தால் எந்தப் படி நிற்கும் என்ற கணக்கைக் கன்னையா ஒரே சனிக்கிழமையில் முடித்தார். சிக்னலில் ஒரு லீவரை இழுக்க இன்னொன்று பூட்டியிருக்க வேண்டும், எல்லாம் அதே சங்கதிதான் என்றார். மேலே போனதும் ஒரு விசில் கிடைத்தது. திரையின் அடியில் இருந்த வார்த்தைகளில் பார், எடு, திற, தள்ளு என்பவற்றோடு ‘ஊது’ என்பதும் சேர்ந்துகொண்டது.

கிணறு இவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல், “சாத்தப்பன், சாத்தப்பன்” என்று எழுத்தெழுத்தாகக் கூப்பிட்டது. முகம் தெரியாத குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக்கூடாது என்பதைப் பிரிக்பீல்ட்ஸில் எந்தப் பிள்ளையும் அறியும். இருவரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கோப்பி குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் குரல் சலித்துப்போய் அடங்கியது, பாலம் இறங்கியது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் இங்கே எத்தனை தடவை செத்திருப்பார்களோ என்று சாத்தப்பன் பரிதாபப்பட்டார். கன்னையா மட்டும், இது பொது அறிவு, இதில் நம்பிக்கைக்கு ஒன்றும் இல்லை என்று விளக்கம் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் கடைசி அறை வந்தது, இருவரும் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

கல்லால் கட்டிய வட்டமான ஒரு கூடம். ஜன்னல் இல்லை. சுவரில் ஒரு கிழவியின் பெரிய படம், அதன் கண்கள் நாம் போகும் பக்கமெல்லாம் திரும்பும். படத்துக்கு முன்னால் ஓர் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிரே இரும்புக் கதவு. கதவைத் தொட்டால், ‘அவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை திறக்காது’ என்று ஒரு வரி வரும். பதினைந்து காரியத்துக்குள் வழி கிடைக்காவிட்டால் தரை பிளந்துவிடும். படத்தைத் துணியால் மூடிப் பார்த்தார்கள், துணி நழுவி விழுந்தது. படத்தைத் திருப்பி வைத்தால் பின்பக்கத்திலும் அதே கண்கள் இருந்தன. மை ஊற்றினார்கள். விசில் ஊதினார்கள். கிழவியோடு பேசிப் பார்த்தார்கள். வாரம் போய் மாதம் ஆயிற்று. கன்னையா குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்த கணக்குப்படி, சாத்தப்பன் அதுவரை நூற்றுப் பதினேழு தடவை செத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சாத்தப்பனுக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு பிடித்தது. ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். மூன்று குழாய்களில் அடைப்பு, அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க ஒன்பது வாரம் ஆயிற்று. அந்த ஒன்பது வாரமும் சனிக்கிழமை தவறாமல் இருவரும் பங்களாவில் உட்கார்ந்தார்கள். ஆனால் கல்லறை வரும்போது யாரும் சிரிக்கவில்லை. திரை கறுக்க ஆரம்பித்ததுமே கன்னையா அவசரமாக வேறு பட்டனைத் தட்டிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். திங்கட்கிழமை மதியம் கன்னையா லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சாத்தப்பன் மீசையை மழித்திருந்தார். முகம் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் முகம் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். நாச்சம்மை ஃபிளாஸ்க் கழுவ வெளியே போனதும் சாத்தப்பன் குரலை இறக்கினார்.

“நாளைக்குக் காலையில ஏழரைக்கு உள்ள கொண்டு போறாங்க. அதுக்கு முன்ன அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

“வீட்டுக்கு வந்து நீயே பாரு.”

“வந்தா பாக்கறேன். வராட்டி?”

சாயங்காலம் வரும்போது சொல்கிறேன் என்று கன்னையா சொன்னார். சொன்ன பிறகுதான், மூன்று மாதம் திறக்காத கதவை மூன்று மணி நேரத்தில் எப்படித் திறப்பது என்று யோசித்தார்.

நடையில் நாச்சம்மை வீட்டுச் சாவியைக் கொடுத்தார். ஞாயிறு சாயங்காலம் சாமி அறையில் ஒரு விளக்கு ஏற்றி வைத்திருக்கிறேன், அவர் ஆபரேஷன் முடிந்து வெளியே வரும்வரை அது அணையக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். தான் இங்கேயே இருப்பதால் பக்கத்து வீட்டில் சொல்லலாம் என்று பார்த்ததாகவும், அவர்கள் ஈப்போவுக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்.

“உங்களுக்கு நம்பிக்கை வேணாம்ணே. எண்ணெய மட்டும் ஊத்திட்டு வாங்க.”

கன்னையா சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “சரி ஆச்சி” என்றார். வேறு சமயமாக இருந்தால் இதற்கு அரை மணி நேரம் பேசியிருப்பார்.

வீட்டில் முதல் வேலையாகச் சாமி அறைக்குப் போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அலமாரியில் இருந்த புட்டியை எடுத்து நிறைய ஊற்றி, திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வேலை முடிந்தது. கணினியைப் போட்டு, பங்களாவின் கடைசி அறைக்கு வெளியே சேமித்து வைத்திருந்த இடத்துக்குப் போய், உள்ளே நுழைந்தார்.

ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை தரை பிளந்தது. நான்கு தடவையும் கல்லறை வருவதற்குள் பட்டனைத் தட்டித் தப்பித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை மூக்குக் கண்ணாடியில் சொட்டியது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போதுதான் கூரை மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது ஓடவில்லை. கரண்ட் இருந்தது. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே வந்ததும் அதைப் போடக் கை போனதும், சாமி அறைக் கதவு திறந்திருக்கிறது, காற்றுக்கு விளக்கு அணைந்துவிடும் என்று தானே கையை இழுத்துக்கொண்டதும் இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

தன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி அவருக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலோடு திரையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு விளக்கு. அந்த அறையில் வெளிச்சம் என்று இருப்பது அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் கிழவி எதைப் பார்ப்பாள்?

மூன்று மாதமாக இருவரும் அந்த அறையில் கைவைக்காத பொருள் இல்லை. துணி, மை, படம், கதவு, தரைக்கல் எல்லாவற்றையும் தொட்டார்கள். விளக்கை ‘பார்’ என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். சாமி படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கை யாராவது வாயால் ஊதுவார்களா? பூவால் ஒற்றிக் குளிர வைப்பார்கள், அல்லது எண்ணெய் தீர்ந்து அதுவாக அடங்கட்டும் என்று விடுவார்கள். ஊதுகிறவனை வீட்டில் திட்டித் தீர்ப்பார்கள். கிணற்றடியில் இவர்களைக் காப்பாற்றிய அதே புத்திதான் இங்கே மூன்று மாதம் கட்டிப்போட்டது. கிழவி சாமியே இல்லை, வெள்ளைக்காரக் கிழவி. அது மண்டையில் ஏறவில்லை.

கன்னையா ‘ஊது’ என்பதைத் தொட்டு, பிறகு விளக்கைத் தொட்டார். திரையில் எல்லாம் அசையாமல் நின்றது. நடுவில் ஒரு பெட்டி விழுந்து ஆங்கிலத்தில் கேட்டது: ‘சாத்தப்பன், விளக்கை அணைக்கப் போகிறாயா?’ கீழே யெஸ், நோ என்று இரண்டு பட்டன்.

ஏழு மாதத்தில் பங்களா இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. தண்ணீரில் மூழ்கடித்தபோது கேட்கவில்லை, படி உதிர்ந்தபோது கேட்கவில்லை. இப்போது கேட்கிறது என்றால் இதுதான் வழி என்று சிக்னல்காரருக்குச் சந்தேகமறத் தெரிந்தது. சந்தோஷத்தில் யெஸ் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தார். வைத்த விரல் அப்படியே நின்றது.

இது பிளாஸ்டிக் தட்டு என்று தனக்குத்தானே சொன்னார். பாசார் மாலாமில் வாங்கிய கள்ளத் தட்டு. வெளியே சேமித்துத்தான் வைத்திருக்கிறோம். ஊதிப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்குப் போனால் விளக்கு மறுபடியும் எரியும். தப்பாகவே இருந்தாலும் என்ன, ஒரு கல்லறை கூடும், நூற்றுப் பதினேழு தடவை செத்த பெயர்தான். ஆனால் அந்த நூற்றுப் பதினேழு தடவையும் பெயர்க்காரன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். இன்றைக்கு அவன் மீசை மழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். அவனுடைய பெயரைச் சொல்லி, விளக்கை அணைக்கட்டுமா என்று ஒருத்தன் கேட்கிறான். ஆமாம் என்று நான் சொல்வதா?

புதிதாக ஆரம்பித்துத் தன் பெயரைக் கொடுத்து விளையாடலாமா என்றும் யோசித்தார். நிலவறையிலிருந்து மறுபடி வர எப்படியும் ஒரு நாள் முழுக்க வேண்டும். மணி நாலரை. கன்னையாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. நாற்பது வருஷம் ஊரெல்லாம் பேசிய பேச்சு என்ன, இப்போது ஒரு பட்டனுக்கு நடுங்குகிற நடுக்கம் என்ன. அவர் பயந்துதான் போயிருந்தார். நாச்சம்மை வந்து எதிரில் நின்றிருந்தால்கூட அந்தப் பயத்தை மறைத்திருக்க முடியாது.

ஐந்தேகாலுக்கு ‘நோ’வை அழுத்தினார். கணினியை அணைத்து, துணியைப் போர்த்தினார். சாமி அறைக்குப் போய் எண்ணெய் பார்த்தார். விளிம்புவரை இருந்தது, இருந்தும் இன்னும் கொஞ்சம் ஊற்றி, அது வழிந்து, துடைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது ஒரு கதையை ஜோடித்துக்கொண்டார். நாற்பத்தெட்டு வருஷத்தில் சாத்தப்பனிடம் அவர் பொய் சொன்னதில்லை, சொல்ல அவசியம் வந்ததில்லை.

“தொறந்திருச்சு” என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே.

சாத்தப்பன் தலையணையில் நிமிர்ந்தார். “எப்படி?”

“விசில்தான். நாம ஒரு தடவ ஊதினோம்ல? மூணு தடவ ஊதணும். கிழவி கண்ண மூடிட்டா.”

“அப்புறம்?”

கதவுக்குப் பின்னால் கீழே இறங்கும் படிகள் என்றார் கன்னையா. இருட்டு இல்லை, நல்ல காலை வெளிச்சம். படி முடிகிற இடத்தில் கடல். கரையில் ஒரு படகு, அதில் தம்பி உட்கார்ந்திருக்கிறான், ஒரு காயமும் இல்லை. இவனைப் பார்த்ததும் ஏன் இவ்வளவு லேட்டு என்று கேட்கிறான். இரண்டு பேரும் படகைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அதோடு முடிந்துவிடுகிறது.

சாத்தப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி உயிரோட இருக்கானா?”

“நல்லா இருக்கான்.”

“சரி” என்று சாத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பார்வை நேரம் முடிந்த மணி அடித்தது. கன்னையா கட்டிலைப் பார்த்தபடியே பின்பக்கமாக எட்டு வைத்து வாசல்வரை போனார். மருந்து வண்டி தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் மேல் இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் போய் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆறு மணி நேரம் ஆயிற்று. நாச்சம்மை ஒரே ஒரு தடவை, விளக்கு எரிகிறதா அண்ணே என்று கேட்டார். எரிகிறது என்றார். இரண்டு மணிக்கு டாக்டர் வந்து, எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று சொன்னார். கன்னையா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதார். அன்று மாலை நாச்சம்மை வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒரு செம்பருத்தியால் விளக்கைக் குளிர வைத்தார்.

சாத்தப்பன் வீடு திரும்பிய பிறகு மூன்று சனிக்கிழமைகளைக் கன்னையா சாக்குச் சொல்லித் தள்ளினார். பார்க்கப் போவார், செவ்வாய், வியாழன் என்று போவார். சனிக்கிழமை பிற்பகல் மட்டும் இராஜம்மாவுக்கு எங்கேயாவது போக வேண்டியிருக்கும். சாத்தப்பன் ஒரு நாள் கணினி முன் உட்காருவான், விசிலை மூன்று தடவை ஊதுவான், குட்டு உடையும் என்று அவருக்குத் தெரியும். சாகப்போகிறவனாக நினைத்துப் பொய் சொன்னாயா என்று கேட்டால் என்ன சொல்வது? அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது சனிக்கிழமை சாத்தப்பனே டெலிபோன் பண்ணினார். தப்பிக்க வழியில்லை. போனபோது சாத்தப்பன் மெலிந்து, மீசை பாதி வளர்ந்து, கணினிக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார். திரையில் கடைசி அறை. கிழவியின் கண்கள் கன்னையாவைப் பார்த்துத் திரும்பின. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாத்தப்பன் விசிலைத் தொடவில்லை. ‘ஊது’ என்பதைத் தொட்டார், விளக்கைத் தொட்டார். பெட்டி விழுந்தது. கன்னையாவின் காது மடல் சுட்டது.

“ஆஞ்சியோகிராம் ரிசல்ட் வந்துச்சுல்ல, அன்னைக்குச் சாயங்காலமே இத கண்டுபிடிச்சிட்டேன்” என்றார் சாத்தப்பன். “இதே கேள்விதான் கேட்டுச்சு. நோ அடிச்சிட்டு ஆஃப் பண்ணிட்டேன்.”

கன்னையா கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்பது சனிக்கிழமை. ஒன்பது சனிக்கிழமையும் இந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை மூடிப் பார்ப்போம், மையை ஊற்றிப் பார்ப்போம் என்று நடித்திருக்கிறார்.

“அப்புறம் எதுக்குய்யா என்னப் போய்த் தொறக்கச் சொன்ன?”

“நீதான் எதையும் நம்பாதவன் ஆச்சே. நீ ஊதிட்டு வந்து, ஒண்ணும் ஆகல, வெறும் பொம்மைதான்னு சொன்னா எனக்குத் தைரியம் வரும்னு நெனச்சேன்.” சாத்தப்பன் சிரித்தார், சிரித்ததும் தையல் இழுத்ததால் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “நீ கடல், படகுன்னு ஆரம்பிச்ச உடனேயே தெரிஞ்சிருச்சு, நீ ஊதலன்னு.”

வந்தது கோபமா வெட்கமா என்று கன்னையாவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. “நான் ஊதலன்னு தெரிஞ்சதும் பயந்திட்டியா?” என்று கேட்டார்.

“எங்க பயந்தேன்? ரெண்டு மாசத்துல அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.”

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாத்தப்பன் மௌஸைச் சிநேகிதர் பக்கம் நகர்த்தி, இப்போதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே, ஊதிவிடலாம் என்றார். கன்னையா அதை வாங்கிக்கொண்டார். யெஸ்வரை கொண்டுபோனார்.

“அடுத்த மாசம் டாக்டர் செக்கப் இருக்குல்ல” என்றார் கன்னையா. “அது முடியட்டும்லா.”